கித்தா மரமும் ‘கௌச்சுகர்போ’வும்: எஸ்பெராண்டோ கூட்டுச்சொல்லின் வேர் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எஸ்பெராண்டோ மக்கள் வாயில் தானாக வளர்ந்த மொழி அல்ல. லூத்விக் சாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1887-இல் வார்சாவில் வெளியிட்ட ஒரு சிறு நூலோடு பிறந்த மொழி. அந்நூலில் ஏறத்தாழ 900 வேர்ச்சொற்களே இருந்தன. மீதியை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். அதனால்தான் அதில் கூட்டுச்சொற்கள் மலிந்து கிடக்கின்றன.

வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலாயும் பேசும், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்க்காரர்களுக்காக இந்தக் கேள்வி-பதில். எடுத்துக்காட்டுக்கு நமக்குப் பழகிய மரத்தின் பெயரையே எடுத்துக்கொண்டோம்: கௌச்சுகர்போ, அதாவது கித்தா (ரப்பர்) மரம்.

இந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எப்படிப் படிப்பது?

எஸ்பெராண்டோவில் ஐந்தே உயிர். குறில் நெடில் பேதம் இல்லை. ஈற்றயல் அசையில் அழுத்தம் விழும்: கௌ-ச்சு-கர்-போ. தமிழில் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கு நிற்பதால், ‘போ’ என்பதை ‘அன்பு’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய ‘ப’வாகப் படியுங்கள். ‘பல்’லில் வரும் ‘ப’ அன்று. ஈற்றில் வரும் ‘ஓ’ பெயர்ச்சொல் விகுதி. எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் அதே விகுதிதான்; விலக்கு கிடையாது.

வேர் தேடுவது என்றால் உண்மையில் என்ன வேலை?

மூன்று வேலை. இவற்றை ஒன்றோடொன்று போட்டுக் குழப்புவதால்தான் முக்கால்வாசித் தவறுகள் வருகின்றன.

முதல் வேலை பிரிப்பது. சொல் எந்த எந்த வேர்களால் ஆனது என்று எஸ்பெராண்டோவுக்குள்ளேயே பார்ப்பது. நம் பகுபத உறுப்பிலக்கணம் போன்றது. இரண்டாவது, ஒவ்வொரு வேரும் எந்த மொழியிலிருந்து வந்தது என்று வெளியே போய்ப் பார்ப்பது. மூன்றாவது, இந்த இரண்டையும் சேர்க்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது. வேர் லத்தீனாக இருக்கலாம். சேர்த்த விதம் ஜெர்மனாக இருக்கலாம். முதல் வேலை முடியாமல் இரண்டாவதைத் தொடவே கூடாது. தப்பாகப் பிரித்த துண்டுக்கும் லத்தீனில் ஏதாவது ஓர் உறவு எப்போதும் கிடைத்துவிடும்!

பிரிப்பதை எங்கே தொடங்குவது?

வாலில். எஸ்பெராண்டோவின் 16 விதிகளில் 11-ஆவது, தலைமைச் சொல் ஈற்றில் நிற்கும் என்கிறது. விதியிலேயே தரப்பட்ட எடுத்துக்காட்டு வபோர்ஷிப்போ: வபோர் (ஆவி) + ஷிப் (கப்பல்) + ஓ. தமிழில் அப்படியே நீராவிக் கப்பல். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆள் ஏற்றி வந்த ரஜூலா ஒரு வபோர்ஷிப்போதான்.

ஆக, விகுதியை வெட்டுங்கள். பிறகு ஈற்றிலிருந்து பின்னோக்கி, அகராதியில் உள்ள ஒரு வேர் கிடைக்கும் வரை எழுத்தெழுத்தாகச் சேருங்கள். கிடைத்ததும் நிறுத்தாமல் இன்னும் ஓர் எழுத்து சேர்த்து, அதைவிட நீளமான வேர் உண்டா என்று பாருங்கள். ஏன் என்பது ‘கரி’ பற்றிய கேள்வியில் புரியும்.

மலாயும் தெரிந்திருப்பது உதவியா, இடைஞ்சலா?

சொற்பொருளுக்கு உதவி; வரிசைக்கு இடைஞ்சல். மலாயில் தலைமைச் சொல் முன்னால் வரும். சுங்கை சிப்புட் என்றால் ஆறு முதலில், நத்தை பின்னால். நாமோ ‘நத்தையாறு’ என்போம்.

கித்தா மரத்தையே பாருங்கள். மலாயில் ‘போக்கோக் கெத்தா’ மரம். ‘கெத்தா போக்கோக்’ மரத்தின் பால். தமிழில் பால்மரம் மரம், மரப்பால் பால். எஸ்பெராண்டோவில் கௌச்சுகர்போ மரம். அர்ப்கௌச்சுக்கோ என்று புரட்டினால் மரத்திலிருந்து வரும் ரப்பர். தமிழும் எஸ்பெராண்டோவும் ஒரு பக்கம், மலாய் மறுபக்கம். இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்துப் பழகிய பிள்ளைகள் ‘அர்ப்’பை முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுவது வழக்கமான தவறு. தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும், சரியாகிவிடும்.

கௌச்சுகர்போவில் ‘கர்போ’ தெரிகிறதே? கர்போ என்றால் கரியாமே?

ஆம், கர்போ என்றால் கரி. இந்தச் சொல்லில் எல்லாரும் விழும் பள்ளமும் இதுதான். அழுத்தம் ‘கர்’ மேல் விழுவதால் காதுக்குக் கௌச்சு-கர்போ என்றே கேட்கிறது. தமிழ் எழுத்தில் எழுதும்போது பள்ளம் இன்னும் ஆழமாகிறது. ‘கௌச்சுக்’ என்பதன் ஈற்றில் உள்ள ‘க்’ மேல் ‘அர்ப்’பின் ‘அ’ ஏறி ‘க’ ஆகிவிடுகிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் நம் இயல்புப் புணர்ச்சிதான். ஒட்டு போட்ட இடமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ரோமன் எழுத்தில் அந்த மெய்யும் உயிரும் தனித்தனியாக நிற்பதால் இவ்வளவு மறைவதில்லை. எனவே தமிழில் குறிப்பெடுக்கும்போது ஐயமான இடத்தில் புள்ளி வைத்து எழுதுங்கள்: கௌச்சுக்-அர்ப்-ஓ.

இப்போது சோதனை. வாலிலிருந்து வரும்போது முதலில் ‘அர்ப்’ கிடைக்கும்: மரம், சரியான வேர். இன்னோர் எழுத்து சேர்த்தால் ‘கர்ப்’: கரி, அதுவும் சரியான வேர். இரண்டில் எது? மிச்சத்தைப் பாருங்கள். ‘அர்ப்’பை எடுத்தால் மிச்சம் ‘கௌச்சுக்’, அகராதியில் உண்டு. ‘கர்ப்’பை எடுத்தால் மிச்சம் ‘கௌச்சு’, அப்படி ஒரு வேர் கிடையாது. கரி போயிற்று. ஒரு துண்டுகூட அநாதையாக நிற்கக் கூடாது என்பதே விதி.

இரண்டு விதமாகப் பிரித்தாலும் மிச்சம் விழாத சொற்கள் உண்டா?

உண்டு. கொலேகோ என்றால் உடன் பணிபுரிபவர். கொல் (கழுத்து) + ஏக் (பெரிய) என்று பிரித்தால் பெருங்கழுத்து. சென்தேமா என்பதை சென்த்+ஏம் என்று பிரித்தால் உணர்ச்சிவசப்படும் இயல்புள்ள. சென்+தேம் என்றால் பேசுபொருள் இல்லாத. நன்னூல் இதைப் பொதுமொழி என்கிறது. ‘வேங்கை’ ஒரு சொல்லாக நின்றால் மரமோ புலியோ. வேம்+கை என்று பிரிந்தால் வேகின்ற கை. எட்டு, தாமரை ஆகியவையும் அப்படியே. இவற்றை அகராதியால் தீர்க்க முடியாது. சொல் வந்த வாக்கியத்தை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். வாக்கியம் இல்லாமல் தனிச்சொல்லை மட்டும் யாராவது கேட்டால், இரண்டு பிரிப்பையும் எழுதிக் கொடுங்கள்.

‘கௌச்சுக்’ எந்த மொழி?

இங்கே நிதானம் வேண்டும். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ரஷ்யனிலும் போலிஷிலும் இந்தச் சொல் உண்டு. பிரெஞ்சில் எழுத்தில் ஈற்று ‘க்’ உண்டு, வாயில் இல்லை: ‘கவுச்சூ’ என்பதோடு நின்றுவிடும். ஜெர்மன், போலிஷ், ரஷ்யன் மூன்றிலும் ‘க்’ ஒலிக்கும். எஸ்பெராண்டோ வேரில் ‘க்’ இருக்கிறது. ஆக, வடிவம் கிழக்குப் பக்கத்து உச்சரிப்போடு ஒத்துப்போகிறது. வார்சாவில் வாழ்ந்தவரின் மொழியில் இது வியப்பில்லை. அதற்காக ‘ஜெர்மனிலிருந்து வந்தது’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். பல மொழிகளுக்குப் பொதுவான சொல், ‘க்’ ஒலிக்கும் வடிவில் எடுக்கப்பட்டது என்பதே துல்லியம்.

அதற்கு முன்னால் போனால், பிரெஞ்சுக்கு அது பழைய ஸ்பானிஷ் வழியாக வந்தது. ஸ்பானிஷுக்குத் தென் அமெரிக்கப் பழங்குடி மொழியொன்றிலிருந்து. பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமின் 1736-இல் அங்கிருந்து பாரிசுக்கு ரப்பர் மாதிரிகளை அனுப்பியபோது சொல்லும் சேர்ந்தே போனது. மரமோ வேறு வழியாக வந்தது. பிரேசில் விதையிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. சொல்லின் பாதையும் பொருளின் பாதையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இந்தத் துறையில் நிரந்தரத் தவறு.

‘அழும் மரம்’ என்பதுதான் அதன் பொருள் என்கிறார்களே?

அழகான விளக்கம். எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஆனால் மூலமொழி எது என்பதிலேயே அறிஞர்களுக்குள் உடன்பாடு கிடையாது. அப்படியிருக்க ‘அழு’, ‘மரம்’ என்று இரண்டாகப் பிரித்துப் பொருள் சொல்வதை உறுதியாக ஏற்க முடியாது. காலையில் பால் வெட்டி மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) வைத்தவர்களுக்கு மரம் அழுவதுபோல் தோன்றுவது இயல்பு. சொல்லாய்வில் அது சான்று ஆகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘மரம்’ என்ற பொருள் கௌச்சுக்குள் ஏற்கெனவே இருப்பதாக நம்பினால், கௌச்சுகர்போவில் மரம் இரண்டு முறை வந்துவிட்டதாகப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். எஸ்பெராண்டோவில் கௌச்சுக் என்பது பொருளை (ரப்பரை) மட்டுமே குறிக்கும்.

அர்ப்?

லத்தீன் ‘அர்போர்’, பிரெஞ்சு ‘அர்ப்ர்’ ஆகியவற்றின் வழி வந்தது. சிக்கலில்லை.

நம்முடைய ‘கித்தா’ எஸ்பெராண்டோவில் எங்காவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் ரப்பரில் இல்லை. கித்தா என்பது மலாயின் ‘கெத்தா’ (பிசின், மரப்பால்) தோட்டத் தமிழில் திரிந்தது. அதே கெத்தாதான் ‘கெத்தா பெர்ச்சா’ என்ற மலாய்ப் பெயராக ஆங்கிலத்துக்குப் போய், ஐரோப்பா முழுக்கப் பரவி, எஸ்பெராண்டோவில் குத்தபெர்க்கோ ஆயிற்று. இது வேறு மரத்தின் பால். மலாயில் தாபான் என்பார்கள். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீர் அரிக்காது. அதனால் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக்கினார்கள். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட கம்பியும் அப்படிப்பட்டதே.

இந்தச் சொல்லைப் பிரிக்கப் பாருங்கள். குத்த் என்றால் சொட்டு. நடுவில் உள்ள ‘அ’ பெயரடை விகுதி. பெர்க் என்றால் ஒருவகை ஆற்றுமீன். மிச்சமே விழவில்லை! ‘சொட்டுகிற மீன்’ என்று பொருள் வருகிறது. மேலே சொன்ன மிச்சச் சோதனை இங்கே கைவிட்டுவிட்டது. எனவே சோதனைக்குப் பின் ஒரு கேள்வி எப்போதும் வேண்டும்: கிடைத்த பொருள் இந்தப் பண்டத்துக்குப் பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் அது கூட்டுச்சொல் அல்ல. முழுதாக ஒரே வேராக வந்து சேர்ந்த கடன்சொல். அகராதியில் குத்தபெர்க் என்று ஒரே தலைச்சொல்லாகவே இருக்கும்.

ஒரு நுட்பம்: ‘கெத்தா’ ஆங்கிலத்தில் ‘கட்டா’ என்று மாறியதற்குச் சொட்டு என்ற பொருளுள்ள லத்தீன் ‘குத்தா’வின் சாயலும் ஒரு காரணம். எஸ்பெராண்டோ குத்த் வந்ததும் அதே லத்தீனிலிருந்துதான். ஆக, சொட்டு என்று நினைத்தவர் முழு முட்டாள் இல்லை. மீனுக்குத்தான் மன்னிப்பே கிடையாது.

தமிழ்ச் சொல் ஏதாவது போயிருக்கிறதா?

கட்டுமரம் கத்தமரனோ ஆகப் போயிருக்கிறது. தமிழில் அது கட்டு+மரம் என்ற தெளிவான கூட்டு. எஸ்பெராண்டோவில் பிரிக்க முடியாத ஒரே வேர். வலிந்து பிரித்தால் கத்த் (பூனை) + அ + மர் (கடல்) + அன் (உறுப்பினர்) என்று ‘பூனைக்கடல் வாசி’ கிடைப்பார். அங்கே ‘மர்’ என்று தெரிவது கடலே அல்ல, நம் மரம்.

மாங்காயும் அப்படித்தான். மா+காய் என்ற கூட்டு, தமிழ்-மலையாளக் கரையிலிருந்து போர்த்துக்கீசர் வழியாகப் போய், அங்கே மங்கோ என்ற ஒற்றை வேர் ஆனது. அதன்மேல் அர்ப் ஒட்டி மங்கர்போ என்றால் மாமரம். ஒரு மொழியின் கூட்டுச்சொல் இன்னொரு மொழியில் வேராக உறைந்துபோகலாம். உள்பிரிப்பை எஸ்பெராண்டோ அளவிலும், வெளிவரலாற்றை மூலமொழி அளவிலும் தனித்தனியே எழுதச் சொல்வது இதனால்தான்.

சேர்க்கும் எண்ணம் யாருடையது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபெர்வோயோவை எடுத்துக்கொள்வோம். ஃபெர் (இரும்பு) + வோய் (வழி): ரயில் பாதை. வேர்கள் இரண்டும் லத்தீன்வழி வந்தவை. ஆனால் ‘இரும்பு வழி’ என்ற எண்ணம் ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், போலிஷ் நான்கிலும் இருக்கிறது. அவர்கள் சொல்வதை எஸ்பெராண்டோ தன் வேர்களில் சொல்லியிருக்கிறது. நாம் இருப்புப்பாதை என்பதும் அந்த எண்ணமே. மலாயின் ‘கெரெத்தா அப்பி’யில் எண்ணமே வேறு: நெருப்பு வண்டி.

வபோர்ஷிப்போவில் வபோர் லத்தீன்-பிரெஞ்சுப் பக்கம். ஷிப் ஈற்று ‘ப்’ காரணமாக ஆங்கிலத்துக்கு நெருக்கம், ஏனென்றால் ஜெர்மனில் அது ‘ஷிஃப்’. ஒரே சொல்லில் இரண்டு குடும்பம். (மலாயின் ‘கப்பால்’ நம் கப்பல்தான், அது தனிக்கதை.)

கௌச்சுகர்போவுக்கு இணையாக ஜெர்மனில் ‘கௌச்சுக்பௌம்’ உண்டு. அதைப் பார்த்து எடுத்ததாகச் சொல்லலாமா? கூடாது. ‘ரப்பர்’, ‘மரம்’ இரண்டும் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஒட்டக்கூடிய சொல் இது. ‘இரும்பு வழி’ போல எதிர்பாராத சேர்க்கை இருந்தால்தான் படியெடுப்பு என்று வாதிட இடமுண்டு.

இரண்டு வேருக்கும் நடுவே உள்ள உறவைச் சொல் காட்டுகிறதா?

இல்லை. நம் தொகைநிலைத் தொடர் போலவே மறைத்து வைக்கும். பால்மரம் என்றால் பாலைத் தரும் மரம்: இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வபோர்ஷிப்போ ஆவியால் இயங்கும் கப்பல்; இது மூன்றாம் வேற்றுமை. பிரித்தபின் இப்படி விரித்து எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம். விரிக்க முடியவில்லை என்றால் பிரிப்பு தவறாக இருக்கும்.

கவனிக்க: கௌச்சுகா அர்போ என்று ‘ஆ’ விகுதி போட்டு இரண்டு சொல்லாக எழுதினால் ரப்பரால் செய்த மரம், கடையில் விற்கும் பொம்மை மரம் என்றும் பொருள்படும்.

நடுவில் சில சமயம் ‘ஓ’ வருகிறதே?

நாக்கு புரள்வதற்காக. ஸ்க்ரிபோதப்லோ (எழுது மேசை) என்பதில் நடுவே உள்ள ‘ஓ’ இல்லாவிட்டால் மெய்கள் நெருங்கிவிடும். நம் சாரியை போல வைத்துக்கொள்ளுங்கள், பொருளைத் தொடாது.

மரம் ‘மரக்’கிளை ஆவதுபோல் வேர் சிதையுமா?

பொதுவாகச் சிதையாது. தமிழைவிட எஸ்பெராண்டோ எளிது என்றால் இந்த ஒரு காரணத்தால்தான். செல்லப்பெயர் விகுதிகள் மட்டும் விலக்கு: பத்ரோ (தந்தை) பாச்யோ ஆகும், பத்ரினோ (தாய்) பான்யோ ஆகும். அங்கே வேரின் வாலே வெட்டுப்படுகிறது.

ரப்பர் தோட்டத்துக்கு என்ன சொல்?

கௌச்சுக்பிளாந்தெயோ: கௌச்சுக் + பிளாந்த் (நடு) + எய் (இடம்) + ஓ. பள்ளிக்கூடம் லெர்னெயோ, அதே எய். பழைய நூல்களில் மரத்துக்கு ‘உய்’ விகுதி போட்டு கௌச்சுகுயோ என்பது போன்ற வடிவம் வரலாம். ‘உய்’ கொள்கலத்தையும் குறிக்கும். அதனால் அது மரமா, பால் மங்கா என்று ஐயம் வரும். அர்ப் போட்டால் ஐயமில்லை.

எந்த அகராதியைப் பார்ப்பது?

பிரிப்புக்கு ‘ப்ளேனா இலுஸ்த்ரிதா வோர்தாரோ’. 1970-இல் முதலில் வந்தது. இப்போது இணையத்தில் இலவசம். ரேத்தா வோர்தாரோ என்பதும் இணையத்தில் உண்டு. வேர் வரலாற்றுக்கு எபே வில்போர்க் 1989 முதல் 2001 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட சொற்பிறப்பு அகராதி. தொகுதி கைக்குக் கிடைக்காவிட்டால், 1905-இல் வந்த ஃபுந்தமெந்தோ என்ற எஸ்பெராண்டோ அடிப்படை நூலின் சொற்பட்டியலே பாதி வேலையை முடித்துவிடும். ஒவ்வொரு வேருக்கும் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், போலிஷ் ஐந்திலும் பொருள் தந்திருக்கும். ஐந்தையும் வாய்விட்டுப் படித்தால் எது நெருக்கம் என்று காது சொல்லிவிடும். முதன்முதல் எங்கே எழுதப்பட்டது என்று பார்க்க, நூல்களைத் தேடித் தரும் தெக்ஸ்தாரோ உண்டு.

தேடும்போது தொப்பி எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். கௌச்சுக்கில் இரண்டு இருக்கின்றன: ‘யு’ மேல் வளைவு, ‘சி’ மேல் தொப்பி. கைப்பேசியில் எஸ்பெராண்டோ விசைப்பலகையைச் சேர்க்கலாம். அல்லது அந்த எழுத்துக்குப் பின்னால் ‘எக்ஸ்’ அடிக்கும் வழக்கம் உண்டு. தொப்பி போனால் சொல்லே மாறும். தொப்பியோடு ‘சாரோ’ வண்டி. தொப்பி இல்லாமல் ‘த்சாரோ’, ரஷ்யப் பேரரசர்.

பள்ளிக் கட்டுரைக்கு எப்படி எழுதிக் கொடுப்பது?

இந்த அளவு போதும்:

கௌச்சுகர்போ: ரப்பர் மரம், கித்தா மரம். பிரிப்பு: கௌச்சுக் + அர்ப் + ஓ. விரி: ரப்பரைத் தரும் மரம். முதல் வேர்: தென் அமெரிக்கப் பழங்குடி மொழிச் சொல், ஸ்பானிஷ்-பிரெஞ்சு வழி, எஸ்பெராண்டோவில் ஈற்று ‘க்’ ஒலிக்கும் வடிவம். இரண்டாம் வேர்: லத்தீன் அர்போர், பிரெஞ்சு வழியாகவும். சேர்க்கை: 11-ஆம் விதிப்படி இயல்பானது, தனி மூலம் தேடத் தேவையில்லை. தவறான பிரிப்பு: கௌச்சு + கர்ப் (கரி), ‘கௌச்சு’ என்ற வேர் இல்லாததால் தள்ளப்பட்டது.

தவறான பிரிப்பை எழுதும் அந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியர் முதலில் கேட்கப்போவதே அதைத்தான்.